நான்கு பைட்டுக்குள் ஓர் எண்

2016-ஆம் ஆண்டு பிரிட்டனில் ஏறத்தாழ பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு பிபிசி நிறுவனம் ஒரு குட்டிக் கணினியை இலவசமாகக் கொடுத்தது. அதன் பெயர் மைக்ரோபிட். நீளம் ஐந்து சென்டிமீட்டர், அகலம் நான்கு. முகப்பில் 25 சிவப்பு விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் இருக்கும். வேலை செய்யும்போது பயன்படுத்த அதற்கு இருந்த நினைவகம் 16 கிலோபைட்தான். உங்கள் வீட்டில் 4 ஜிபி நினைவகம் உள்ள கைபேசி இருந்தால், அது இதைப்போல 2,62,144 மடங்கு.

இந்தச் சிறிய இடத்துக்குள் பைத்தான் என்ற நிரல்மொழி ஓடுகிறது. மேசைக் கணினியில் பைத்தான் கண் விழிப்பதற்கே பல மெகாபைட் வேண்டும். அப்படியிருக்க இங்கே எப்படி முடிந்தது?

டேமியன் ஜார்ஜ் என்ற இயற்பியலாளர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்தபோது இந்த வேலையில் இறங்கினார். 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் நிதி திரட்டினார். பைத்தானைச் சுருக்கிப் பார்க்காமல், சின்னச் சில்லுகளுக்கென்றே முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினார். அதுதான் மைக்ரோபைத்தான். அதன் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், தன் கருவியில் போட்டுக்கொள்ளலாம்.

சின்னச் சில்லுகளுக்கு வழக்கமாக சி மொழியில்தான் நிரல் எழுதுவார்கள். கணினியில் எழுதி, இயந்திர மொழிக்கு மாற்றி, சில்லில் ஏற்றி, பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து பிழையென்றாலும் மறுபடி முதலிலிருந்து. மைக்ரோபைத்தானில் கேபிளைச் செருகி ஒரு வரி தட்டினால் அந்தக் கணமே பதில் வரும். விளக்கை ஏற்று என்றால் ஏற்றும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பேன். சி நிரலைவிட இது பல மடங்கு மெதுவாக ஓடும் என்பது உண்மை. ஆனால் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும் என்பதுபோன்ற வேலைகளில் அந்தத் தாமதம் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

இடத்தை மிச்சப்படுத்த அதில் பல தந்திரங்கள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன்.

தெருவில் வீடுகளுக்குக் கதவு எண் இருப்பதுபோல, நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. பைத்தானில் எண், சொல், பட்டியல் எல்லாமே ஒரு பொருள். நிரல் அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. அது இருக்கும் முகவரியை வைத்துக்கொள்கிறது. 64-பிட் மேசைக் கணினியில் 1 என்ற எண்ணைச் சேமிக்கவே 28 பைட் போகும். முகவரிக்குத் தனியாக 8 பைட். 16 கிலோபைட்டில் இப்படிச் செலவு செய்தால் என்ன ஆகும்?

மைக்ரோபிட்டின் சில்லில் ஒரு முகவரி 32 பிட், அதாவது 4 பைட். பொருள்களை எப்போதும் 4-ஆல் வகுபடும் முகவரிகளில்தான் வைப்பார்கள். 4, 8, 12 ஆகியவற்றை இரும எண்ணாக எழுதிப் பாருங்கள்: 100, 1000, 1100. கடைசி இலக்கம் எப்போதும் 0. அப்படியானால் அந்தக் கடைசி பிட் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கிறது! அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கடைசி பிட் 1 என்றிருந்தால், இது முகவரியே இல்லை. மீதமுள்ள 31 பிட்டுகளில் இருப்பதுதான் எண். தேடிப் போக ஒன்றுமில்லை, தனி இடமும் வேண்டாம். கழித்தல் 107 கோடியிலிருந்து கூட்டல் 107 கோடி வரை உள்ள எண்கள் எல்லாம் அந்த 4 பைட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கும் பெரிய எண் வந்தால் மட்டும் நினைவகத்தில் இடம் ஒதுக்கும். லிஸ்ப், ஸ்மால்டாக் மொழிகளைக் கணினியில் ஓடவைத்தவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கையாண்ட வழி இது. நினைவகம் விலை உயர்ந்ததாக இருந்த காலத்து அறிவு, இன்றைய குட்டிச் சில்லுக்குக் கைகொடுக்கிறது.

இன்னொரு வேலை, பயன் முடிந்த பொருள்களை அகற்றுவது. நினைவகத்தை 16 பைட் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு இரண்டு பிட் வீதம் குறிப்பு வைத்திருக்கிறது மைக்ரோபைத்தான். இடம் தீர்ந்ததும் நிரலைச் சற்று நிறுத்தி, இன்னும் பயனில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போய்க் குறியிடும். குறி விழாதவை எல்லாம் காலி இடம். மோட்டாரை ஓட்டும்போது இந்த நிறுத்தம் நேர்ந்தால் ஓட்டம் தடுமாறலாம். அதனால் அனுபவசாலிகள் சாவகாசமான நேரத்தில் தாங்களே இந்த வேலையை ஏவிவிடுவார்கள்.

இந்தச் சிக்கனம் ஐரோப்பிய விண்வெளி முகமையையும் ஈர்த்தது. மைக்ரோபைத்தான் ஆய்வுக்கு அது நிதி கொடுத்தது. பறந்துகொண்டிருக்கும் விண்கலத்தின் முழு மென்பொருளையும் மாற்றுவது ஆபத்து. மைக்ரோபைத்தான் அதில் இருந்தால், தரையிலிருந்து சிறு நிரல் ஒன்றை அனுப்பி, அதை அங்கேயே ஓடவைப்பது எளிது.

மைக்ரோபிட் கையில் இல்லாவிட்டாலும், அதன் இணையப் பைத்தான் எடிட்டரில் ஒரு மாதிரிக் கருவி ஓடுகிறது. நினைவகத்தில் எவ்வளவு காலி என்று கேட்கும் கட்டளை மைக்ரோபைத்தானில் உண்டு. நூறு சிறிய எண்களை ஒரு பட்டியலில் போட்டு, முன்னும் பின்னும் கேட்டுப் பாருங்கள். பிறகு 200 கோடியைத் தாண்டிய, ஒன்றுக்கொன்று வேறான நூறு எண்களைப் போட்டு, மறுபடி முன்னும் பின்னும் கேளுங்கள். இரண்டு தடவையும் எவ்வளவு இடம் குறைந்தது என்று பார்த்து, அவற்றின் வித்தியாசத்தை நூறால் வகுத்தால், ஒரு பெரிய எண்ணுக்கு ஏறத்தாழ எத்தனை பைட் கூடுதலாகப் போனது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.