சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு படம்

வேளாங்கண்ணிக்குப் போய் வருகிறவர்கள் மெழுகுவர்த்தி, ஜெபமாலையோடு ஒரு நீளப் படத்தையும் வாங்கி வருவார்கள். நீண்ட மேஜை, நடுவில் இயேசு, இரு பக்கமும் பன்னிரண்டு சீடர்கள். 'கடைசி இராவுணவு' என்கிற அந்தப் படம் எங்கள் காரைக்கால் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சாப்பாட்டு மேஜைக்கு மேலே இருக்கும். எங்கள் பட்டினச்சேரியில், மாசி மகத்துக்குக் கடற்கரைக்கு எழுந்தருளும் திருக்கண்ணபுரம் பெருமாளை 'மாப்பிள்ளை' என்று வரவேற்கிற வீடுகள்தான் அதிகம். இருந்தாலும் சிநேகிதி வீட்டில் பார்த்து ஆசைப்பட்டு, என் வீட்டிலும் ஒன்று மாட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் பிறந்த படம்

இத்தாலி நாட்டில் மிலான் நகரத்து மடம் ஒன்றில், துறவிகள் சாப்பிடும் கூடத்துச் சுவரில் லியனார்டோ டாவின்சி வரைந்தது இது. காலம் 1495 முதல் 1498 வரை. நீளம் சுமார் 29 அடி, உயரம் 15 அடி. கீழே துறவிகள் சாப்பிட, மேலே சுவரில் இவர்களும் சாப்பிடுவது போல இருக்குமாம்! ஆகவே சாப்பாட்டு இடத்தில் இதை மாட்டுவது ரொம்பப் பொருத்தம்தான்.

'உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறான்' என்று இயேசு சொன்னதும் எல்லோரும் திடுக்கிட்டுப் போகிற நேரம் அது. சீடர்கள் மூன்று மூன்று பேராக நான்கு கூட்டமாக இருக்கிறார்கள். பணப்பையைப் பிடித்திருப்பவன் யூதாஸ். அவன் கையருகே உப்புக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கும். உங்கள் வீட்டுப் படத்தில் இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

தட்டில் என்ன என்று பார்க்காமல் நம்மால் இருக்க முடியுமா? ரொட்டியும் திராட்சை ரசமும் உண்டு. 1999-இல் பழுதுபார்த்து முடித்தபின், மீன் இருப்பதும் தெளிவாகத் தெரிந்தது. அதில் ஒன்று, ஆரஞ்சுச் சுளையோடு வைத்த விலாங்கு என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஏன் உதிர்ந்தது?

சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டினால், காயும்போது வண்ணம் சுவரோடு சேர்ந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் கால ஓவியங்கள் அப்படித்தான் நிலைத்தன. மேலே நாயக்கர் கால ஓவியம் மூடியிருந்தும் அழியவில்லை. 1931-இல்தான் அவை வெளியே தெரிந்தன. ஈரம் காய்வதற்குள் அவசரமாக வரைய லியனார்டோவுக்கு இஷ்டமில்லை. காய்ந்த சுவரில் நிதானமாகத் தீட்டினார். அவர் காலத்திலேயே வண்ணம் உதிர ஆரம்பித்தது. 1652-இல் சுவரில் வாசல் வைத்ததில் இயேசுவின் பாதங்களே போயின. 1943-இல் குண்டு விழுந்து கூடம் இடிந்தபோது, மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் அந்தச் சுவர் தப்பியது.

மாட்டும்போது கவனிக்க

* அகலம் உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும் படமாக வாங்குங்கள். இல்லாவிட்டால் ஓரத்துச் சீடர்கள் வெட்டுப்பட்டிருப்பார்கள்.
* படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. ஜன்னலுக்கு வலப்பக்கச் சுவரில் மாட்டினால் படம் உயிரோடு தெரியும்.
* உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கண்ணுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். உத்தரத்தை ஒட்டி வேண்டாம்.
* உப்புக் காற்று ஊரில் இரும்பு ஆணி துருப்பிடிக்கும். பித்தளை ஆணி நல்லது. சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு தக்கை ஒட்டுங்கள். காற்றோட்டம் இருந்தால் பூஞ்சை பிடிக்காது.
* தாளிக்கும் புகை படும் சுவர் வேண்டவே வேண்டாம்.

சமைத்தவள் எங்கே?

எங்கள் வீட்டில் முதலில் ஆண்கள், அப்புறம் பிள்ளைகள், பிறகு அத்தை, கடைசியில் நான் என்பதுதான் வழக்கம். என் முறை வரும்போது சட்டியில் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பேன். படம் மாட்டிய சில நாளில் சின்ன மகள் கேட்டாள்: "இவங்களுக்கெல்லாம் சமைச்சது யாரும்மா? அவங்க ஏன் உட்காரலை?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ராத்திரிச் சாப்பாடு மட்டுமாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்றேன். "ஆம்பளைங்க எழுந்திருக்கிறதுக்கு முந்தியா?" என்று அத்தை முகம் சுளித்தார். "அத்தை, நம்ம காரைக்கால் அம்மையார் அடியாருக்குச் சோறும் மாங்கனியும் போட்டவங்க. அறுபத்து மூவரில் உட்கார்ந்த கோலம் அவங்களுக்குத்தானே?" என்றேன். பதில் பேசவில்லை. மறுநாள் ராத்திரி அவரே எனக்கும் தட்டு வைத்தார். இப்போது சாதம், குழம்பு, மீன் எல்லாம் நடுவில் இருக்கும், அவரவரே போட்டுக்கொள்கிறோம். முதல் சில நாள் என் வீட்டுக்காரருக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இதை வெறும் மரியாதை விஷயமாக நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் உடம்பில் ரத்தம் எப்படி ஊறும்? கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற இளம் தாய்மார்கள் முக்கியமாக யோசிக்க வேண்டும்.

படம் மாட்டுகிறீர்களோ இல்லையோ, இன்று ராத்திரி உங்கள் தட்டையும் மற்றவர்கள் தட்டோடு சேர்த்தே வையுங்கள், சகோதரிகளே!