கூப்பிடு தூரத்தில் கட்சி, கைக்கெட்டாத கடிவாளம்

தெருமுனைப் பேச்சு கைபேசிக்குள் புகுந்துவிட்டது. தவறாகப் பேசினால் தடுப்பது யார் என்ற கேள்விக்கு மல்லேஸ்வரத்தில் தொடங்கும் பதில், பெங்களூர் உயர் நீதிமன்றம் வரை நீள்கிறது.

1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கியபின் உருவான பேட்டை மல்லேஸ்வரம். காடு மல்லேஸ்வரர் கோயில், சம்பிகே சாலைக் கடைவீதி, வெண்ணெய் தோசைக்குக் காத்திருக்கும் கூட்டம் என்று பழைய பெங்களூரின் மணம் இன்னமும் மாறாத பகுதி. பா.ஜ.க.வின் மாநிலத் தலைமையகமான ஜகந்நாத பவனும் இங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் கட்சி அலுவலகங்களிலிருந்து புறப்பட்டவை சுவரொட்டியும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும்தான். ஒருவர் பேசினால் மறுநாள் அதே முனையில் எதிரணியினர் மேடை போட்டுப் பதில் சொல்வார்கள். வாக்காளர் இரண்டையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்.

அந்த மறுநாள் இப்போது இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் கர்நாடகத்தின் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவு மே 7 அன்று நடந்தது. மூன்று நாள் முன்னதாக, மாநில பா.ஜ.க.வின் எக்ஸ் தளக் கணக்கில் ஒரு கார்ட்டூன் வீடியோ வெளியானது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் என்று எழுதிய முட்டைகள் இருக்கும் கூட்டில், ராகுல் காந்தி, சித்தராமையா சாயல் கொண்ட உருவங்கள் முஸ்லிம் என்ற முட்டையைச் சேர்க்கின்றன. அதன் குஞ்சு மற்றக் குஞ்சுகளை வெளியே தள்ளுகிறது. காங்கிரஸ் புகார் செய்தது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி மே 5 அன்றே நீக்கச் சொல்லியும் வீடியோ நீங்கவில்லை. பொய்யான பதிவுகளைக் கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் அகற்ற வேண்டும் என்று மே 6 அன்று தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியது. இந்த வீடியோவை உடனே நீக்கும்படி எக்ஸ் நிறுவனத்துக்கு ஆணையம் நேரடியாக உத்தரவிட்டது மே 7 அன்றுதான். அன்று 14 தொகுதிகளில் வாக்குப்பதிவு.

இந்த வித்தை ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமல்ல. 2022 செப்டம்பரில் பெங்களூர்ச் சுவர்களில் 'பேசிஎம்' சுவரொட்டிகள் முளைத்தன. நடுவே அன்றைய முதல்வர் பசவராஜ் பொம்மையின் முகம் பதித்த கியூஆர் கோடு. கைபேசியைக் காட்டினால், 40 சதவீதக் கமிஷன் புகாருக்காகக் காங்கிரஸ் நடத்திய இணையதளத்துக்கு அது அழைத்துப் போகும். போலீஸார் சுவரொட்டிகளைக் கிழித்தார்கள், கைதும் செய்தார்கள். ஆனால் சுவரில் கிழிந்தது கைபேசிகளில் சுற்றிக்கொண்டேயிருந்தது. 2023 மே மாதத் தேர்தலில் காங்கிரஸ் 135 இடங்களுடன் ஆட்சியைப் பிடித்தது.

அவசரமும் கட்சி பேதம் பார்ப்பதில்லை. 2013 ஏப்ரல் 17 அன்று, சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய வேளையில், மல்லேஸ்வரத்தில் இதே பா.ஜ.க. அலுவலகத்துக்கு அருகில் மோட்டார் சைக்கிளில் வைத்த குண்டு வெடித்துப் போலீஸார் உள்படப் பலர் காயமடைந்தனர். புகை அடங்குவதற்குள், இது பயங்கரவாதத் தாக்குதல் என்றால் பா.ஜ.க.வுக்கு அரசியல் லாபம் என்ற பொருளில் காங்கிரஸ் தலைவர் ஷகீல் அகமது ட்விட்டரில் எழுதினார். குண்டோடு பதிவும் சர்ச்சையானது.

இந்த வேகத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது பெங்களூர்த் தமிழர்களுக்குத் தெரியும். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தின்போது கைபேசி இல்லை. ஆகவே வன்முறைக்கு அது தேவை என்று சொல்ல முடியாது. ஆனால் 2016 செப்டம்பரில் அது தூரத்தை அழித்தது. கன்னட நடிகர்களை இணையத்தில் கேலி செய்ததாக ஒரு தமிழ் மாணவர் பெங்களூரில் அடிக்கப்பட்டார். அந்த வீடியோ தமிழ்நாட்டுக்குப் பறந்தது. ராமேஸ்வரத்தில் கர்நாடகக்காரர் ஒருவர் அடிபட்ட வீடியோ செப்டம்பர் 12 அன்று பெங்களூருக்கு வந்தது. அன்று மாலைக்குள் ஒரே பணிமனையில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது.

அப்படியானால் கடிவாளம் யாரிடம்? இந்தச் சண்டை நடக்கும் இடமும் பெங்களூர்தான். மத்திய அரசின் தடை உத்தரவுகளில் சிலவற்றை எதிர்த்து ட்விட்டர் நிறுவனம் 2022 ஜூலையில் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கணக்கு முடக்கப்படுபவருக்குத் தகவலோ காரணமோ சொல்லப்படவில்லை என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2023 ஜூன் 30 அன்று நீதிபதி கிருஷ்ண தீட்சித் மனுவைத் தள்ளுபடி செய்து 50 லட்ச ரூபாய் அபராதமும் விதித்தார். அடுத்து, இணைய நிறுவனங்களுக்குப் பல்வேறு அரசு அமைப்புகளும் நீக்கல் நோட்டீஸ் அனுப்ப வழிசெய்யும் 'சஹ்யோக்' தளத்தை எதிர்த்து எக்ஸ் வழக்குத் தொடுத்தது. 2025 செப்டம்பர் 24 அன்று நீதிபதி நாகபிரசன்னா அதையும் தள்ளுபடி செய்தார். கருத்துரிமை குடிமக்களுக்கானது, வெளிநாட்டு நிறுவனம் அதைக் கோர முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த உரிமைக்குச் சொந்தக்காரரான குடிமகனுக்கு, தன் பதிவு ஏன் மறைந்தது என்பதே தெரியாவிட்டால் அவர் எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பார்? ஆட்சிக்கு வந்த காங்கிரசும் கடிவாளத்தை மக்களிடம் கொடுக்கத் துடிக்கவில்லை. பொய்ச் செய்திக்கு 7 ஆண்டு வரை சிறை என்ற கர்நாடக அரசின் வரைவு மசோதா 2025 ஜூனில் வெளியே தெரிந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது.

நீக்கும் உத்தரவைக் காரணத்தோடு வெளியிடுவது, பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தருவது, தேர்தல் காலப் புகாருக்கு வாக்குப்பதிவுக்கு முன்பே தீர்வு காண்பது. இம்மூன்றுக்கும் புதிய சிறைத் தண்டனை எதுவும் தேவையில்லை. கட்சிகளுக்குத் தொண்டர்கள் இருக்கிறார்கள், நிறுவனங்களுக்கு வக்கீல்கள் இருக்கிறார்கள், அரசுக்குப் போலீஸ் இருக்கிறது. வாக்காளரிடம் இருப்பது ஒரு கைபேசி மட்டும். அதிலும் எது வர வேண்டும், எது வரக்கூடாது என்பதை அவரைக் கேட்காமலேயே மற்ற மூவரும் முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.