வீட்டுக் கணினியும் தொலைக்காட்சிப் பதிவும்

தொலைக்காட்சி ஒளிபரப்பு நேரத்துக்குக் கட்டுண்டதொன்று. நிலையம் அனுப்பும் வேளையிற் காணாதார்க்கு அது கழிந்த நீரேயாகும். இக்கட்டினை அவிழ்க்கும் உரிமை பார்ப்போர்க்கு உண்டோ என்னும் வினா அமெரிக்க மீயுயர் நீதிமன்றத்தின் முன்னர் வந்தது. சோனி நிறுவனத்தின் பெற்றாமக்ஸ் பதிகருவியை எதிர்த்து யுனிவேர்சல் படநிறுவனம் தொடுத்த வழக்கில், 1984 ஆம் ஆண்டு, நீதிபதிகள் ஐவரும் நால்வருமாய்ப் பிரிந்து, பின்னர்ப் பார்க்கும் பொருட்டு வீட்டிற் பதிந்து வைத்தல் சட்டத்துக்கு மாறன்று எனப் பெரும்பான்மையால் தீர்த்தனர். அவ்வுரிமையை வீட்டுக் கணினியொன்றின் துணையால் எங்ஙனம் கையாள்வது என்பதை, அந்நாட்டு ஒளிபரப்பு முறையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டு ஆராய்வாம்.

நாடாவை நீக்கி வன்தட்டிற் பதியும் ரிவோ கருவி 1999 இல் விற்பனைக்கு வந்தது. 2002 இல் ஐசாக் றிச்சட்ஸ் என்பார் மித்ரீவீ என்னும் கட்டற்ற மென்பொருளைத் தொடங்கினார். அதே ஆண்டில் மைக்ரோசொப்ற் நிறுவனமும் விண்டோசுக்கென மீடியா சென்ரர் என்றதொன்றை வெளியிட்டது. பிந்தியதே பயில்வதற்கு எளியது. ஆயினும் 2015 இல் வந்த விண்டோஸ் 10 இல் அதற்கு இடமில்லாது போயிற்று. அதனை நம்பிப் பதிவுகளைச் சேர்த்தோர் வேறு வழி தேட நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் மனமாற்றத்தால் மறையாத மென்பொருளைத் தெரிவதே தக்கதென்பது எமது துணிபு.

மித்ரீவீ இருகூறாய் இயங்குவது. பின்னணிக் கூறு அலைவரிசைகளை வாங்கிப் பதியும். முன்னணிக் கூறு திரையிற் காட்டும். இரண்டும் ஒரே கணினியில் இருத்தல் வேண்டுமென்பதில்லை. பதிவுக்கு ஆற்றல் மிக்க கணினி இன்றியமையாததெனப் பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பழைய ஒப்புமை ஒளிபரப்புக் காலத்தது. அக்காலத்துப் படத்தைக் கணினியே சுருக்கவேண்டியிருந்தது. 2009 யூன் 12 ஆந் திகதி முழுவலு நிலையங்கள் ஒப்புமை ஒளிபரப்பை நிறுத்தின. இன்று நிலையமே சுருக்கி அனுப்புகின்றது. ரியூனர் அதனை வாங்கித் தருகின்றது. கணினி தட்டில் எழுதுவதோடு அமைகின்றது. ஏ.ரி.எஸ்.சி. முறையில் ஓர் அலைவரிசை முழுவதும் செக்கனுக்கு 19.39 மெகாபிற்று கொள்ளும். எனவே ஒரு மணிநேரப் பதிவு மிகக் கூடினும் ஏறத்தாழ 8.7 கிகாபைற்று, ஒரு ரெறாபைற்றுத் தட்டில் 115 மணிநேரம் வரை அடங்கும். தரவுத்தளம் உள்ள தட்டும் பதிவுகள் உள்ள தட்டும் வேறாயிருத்தல் நன்று.

இனி, பழுது காணுதல். படம் கட்டங்கட்டமாய்ச் சிதைகின்றதெனின், மென்பொருளை மாற்றவும் புதிய ரியூனர் வாங்கவும் விரைவோரே மிகுதி. முதலிற் செய்யத்தக்கது பணச்செலவற்றது. அதே பதிவை மீண்டும் ஓடவிடுக. சிதைவு அதே இடத்தில் அவ்வண்ணமே தோன்றின் பழுது கோப்பினுள் உள்ளது. இடம் மாறின், அல்லது மறைந்துவிடின், காட்டும் கூற்றில் உள்ளது. கோப்பினுள் உள்ளதாயின் மற்றொரு வினா எழும். அவ்வேளையில் வேறோர் அலைவரிசையும் பதியப்பட்டதா? இரண்டும் ஒரே கணத்திற் சிதைந்திருப்பின் தட்டையோ இரண்டுக்கும் பொதுவான அன்ரெனா வடத்தையோ ஐயுறுக; ஒன்று மட்டுமாயின் அவ்வலைவரிசையின் சமிக்ஞையை ஐயுறுக.

சமிக்ஞையைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஒப்புமைப் படம் மெல்ல மெல்ல மங்கும். இலக்கமுறைப் படமோ மலைமுகட்டில் நடப்பவன் விழுவதுபோல் ஒருங்கே வீழும். சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 15 தெசிபெல்லுக்குக் கீழ்ப்படின் படமே இராது. அவ்விளிம்பில் நிற்கும் வீட்டில் பகலிற் செம்மையாய் வந்த நிலையம் இரவில், அல்லது காற்றில் மரம் அசைகையில், கெடுவது வியப்பன்று. ஓர் அன்ரெனாவை இரு ரியூனர்களுக்குப் பகிரும் பிரிப்பி ஏறத்தாழ 3.5 தெசிபெல்லை விழுங்கும். அதனை ஈடுசெய்யப் பெருக்கி பூட்டுவர். கோபுரத்துக்கு அண்மையிலுள்ள வீட்டில் அப்பெருக்கியே கேடு செய்யும். மிகுந்த வலு ரியூனரைத் திணறடித்து, முன்பு வந்த நிலையங்களையும் ஒழித்துவிடும். ஆகவே பெருக்கியைக் கழற்றிப் பார்த்தலும் ஒரு பரிசோதனையே.

படம் செம்மையாயிருந்தும் நிகழ்ச்சியின் தலையோ வாலோ அறுபட்டிருப்பின் கணினியின் கடிகாரத்தை நோக்குக. வலையமைப்பு வழியாக நேரம் திருத்தப்படுதல் வேண்டும். இரு மருங்கும் இரண்டொரு நிமிடம் கூட்டிப் பதிதல் வழக்கம். அங்ஙனம் கூட்டிய நிமிடங்கள், அடுத்து வேறோர் அலைவரிசையில் வரும் நிகழ்ச்சியோடு மோதி ஒரே ரியூனரைக் கேட்கும் என்பதை மறத்தலாகாது. நிகழ்ச்சிநிரலும் பிறிதோர் ஊன்றுகோல். நிலையங்கள் தாமே அனுப்பவேண்டிய நிரல் 12 மணிநேரத்துக்கே கட்டாயமானது. ஒரு வாரத்துக்கு முன்னரே திட்டமிட விரும்புவோர், 2007 இல் இதற்கென அமைந்த செடியூல்ஸ் டிரெக்ற் என்னும் இலாபநோக்கற்ற அமைப்புக்குச் சந்தா செலுத்துவர். அணைந்து கிடந்து பதிவுக்கு விழிக்குமாறு அமைத்த கணினியில், விழித்தபின் ரியூனர் தோன்றாதொழிதல் உண்டு. அருமையான நிகழ்ச்சிக்கு முன், பயனற்ற ஒன்றுக்கு ஒருமுறை விழிக்கச் செய்து பார்த்தல் நலம்.

இவை யாவும் கைவல்லார் திருத்தத்தக்கன. திருத்தவொண்ணாததொன்று உண்டு. 2017 இல் அனுமதிக்கப்பெற்ற ஏ.ரி.எஸ்.சி. 3.0 முறையிற் சில நிலையங்கள் தம் ஒளிபரப்பை மறைகுறியிட்டு அனுப்புகின்றன. திறவுகோல் இல்லாத மென்பொருளுக்கு அது வெற்றிரைச்சலே. பிலடெல்பியாவில் மரியன் ஸ்ரோக்ஸ் என்னும் அம்மையார் 1979 முதல் 2012 இல் இறக்கும்வரை இரவுபகலாகச் செய்தி ஒளிபரப்புகளை நாடாக்களிற் பதிந்து வைத்தார். அவை ஏறத்தாழ 70,000. இன்று இணைய ஆவணகத்திடம் உள்ளன. எந்நிலையத்தின் இசைவையும் திறவுகோலையும் அவர் வேண்டி நிற்கவில்லை.