ஆன்டிவைரஸை நம்பலாமா?

புதிதாக லேப்டாப் வாங்குகிறவர் பில்லுக்குப் பணம் கட்டும் தறுவாயில், கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சிறு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்து, "ஆன்டிவைரஸ் போடாம நெட்டைத் தொடாதீங்க சார்" என்று சொல்வதும், ஐம்பதினாயிரம் கொடுத்தவர் இன்னும் ஓர் ஆயிரத்துக்கு யோசிப்பானேன் என்று அதையும் சேர்த்து வாங்கி வருவதும் இன்று சகஜமாகிவிட்ட காரியங்கள். அந்த மென்பொருளைத் தயாரித்தவர் யார், அவருக்கு வருமானம் எந்த வழியில் வருகிறது என்றெல்லாம் விசாரிப்பவர் அபூர்வம். கால் கிலோ கத்திரிக்காய் வாங்குவதானாலும் காம்பைத் திருப்பிச் சொத்தை பார்த்து வாங்குகிற நம் ஜனங்கள், இந்த விஷயத்தில் மட்டும் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் கேடயப் படத்தையே பரம சத்தியமாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

ஆன்டிவைரஸ் மற்ற மென்பொருள்களைப் போன்றதல்ல. கடிதம் எழுத உதவும் மென்பொருள் அந்தக் கடிதத்தோடு நின்றுகொள்ளும். பாட்டுப் பாடும் மென்பொருள் பாட்டோடு நிற்கும். ஆன்டிவைரஸோ, எந்தக் கோப்பையும் நாம் திறப்பதற்கு முன்னால் தான் திறந்து பார்க்கிறது. நாம் போய்வரும் இணையதளங்களைப் பரிசீலிக்கிறது. எந்தப் புரோகிராம் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறது. இத்தனையும் செய்வதற்காக, கம்ப்யூட்டரின் சொந்தக்காரருக்குச் சாதாரணமாக இல்லாத அதிகாரத்தோடு விண்டோஸின் அடித்தளத்திலேயே ஆசனம் போட்டு அமர்ந்துகொள்கிறது. இவ்வளவு அதிகாரம் உள்ள இடத்தில் சின்னப் பிசகும் பெரிய விபரீதமாகும். 2010 ஏப்ரல் 21-ஆம் தேதி மெக்காஃபி நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி ஓடுவதற்கு இன்றியமையாத ஒரு கோப்பையே வைரஸ் என்று எண்ணிப் பிடித்துக்கொள்ள, பல நாடுகளில் ஏராளமான கம்ப்யூட்டர்கள் அணைவதும் எழுவதுமாகத் தத்தளித்தன. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை, வெறும் கைப்பிழைதான். லாப நோக்கமும் கூடச் சேர்ந்தபோது நடந்தவை வேறு.

செக் நாட்டின் பிராக் நகரில் பிறந்த அவாஸ்ட், இலவச ஆன்டிவைரஸ் என்றதுமே பலருக்கும் ஞாபகம் வருகிற பெயர். பிறர் உங்களை இணையத்தில் பின்தொடராதபடி தடுப்போம் என்பது அதன் விளம்பரங்களில் ஒன்று. ஆனால் அந்த மென்பொருளின் வழியே திரட்டிய விவரங்களை, எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், எதைத் தேடினார்கள் என்பது உட்பட, ஜம்ப்ஷாட் என்ற கிளை நிறுவனத்தின் மூலம் 2014 முதல் 2020 வரை நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு அது விற்று வந்தது. ஒருவருடைய வியாதி, மதம், கடன் சங்கடம், வேலை தேடும் யத்தனம் எல்லாமே அவர் திறக்கும் பக்கங்களிலிருந்து ஊகிக்கக் கூடியவை அல்லவா? மதர்போர்டு, பிசிமேக் என்ற இரண்டு பத்திரிகைகள் சேர்ந்து 2020 ஜனவரியில் இதை அம்பலப்படுத்தியதும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 பிப்ரவரியில், அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றும், இத்தகைய விவரங்களை விளம்பரக் காரியங்களுக்கு இனி விற்கக்கூடாது என்றும் அறிவித்தது.

இலவசம் என்பதால்தான் இப்படி, காசு கொடுத்தால் யோக்கியமான சேவை கிடைக்கும் என்று நினைப்பவர்கள், அமெரிக்காவில் ஆபீஸ் டெப்போ என்ற பெரிய கடைகளில் நடந்ததைக் கேட்க வேண்டும். 'பிசி ஹெல்த் செக்' என்ற பெயரில் அங்கே கம்ப்யூட்டர்களை இலவசமாகப் பரிசோதித்துக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் திரையில் நான்கு கேள்விகள் வரும்: கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா? வைரஸ் எச்சரிக்கை ஏதேனும் வந்ததா? அடிக்கடி நின்றுபோகிறதா? வேண்டாத விளம்பரங்கள் வந்து தொந்தரவு செய்கின்றனவா? வாடிக்கைக்காரர் சொல்லச் சொல்லக் கடைச் சிப்பந்தி கட்டங்களில் டிக் போடுவார். பிறகு சோதனை வெகு மும்முரமாக நடக்கும். முடிவில், வைரஸின் அறிகுறிகள் தென்படுகின்றன என்று திரை சொல்லும். சூட்சுமம் என்னவென்றால், அந்த முடிவுக்கும் நடந்த சோதனைக்கும் சம்பந்தமே கிடையாது. நான்கு கட்டங்களில் ஒன்றில் டிக் விழுந்திருந்தால் போதும், கம்ப்யூட்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அறிகுறி உண்டு என்றே முடிவு வரும்படி அமைத்திருந்தார்கள். உபயோகித்த எந்தக் கம்ப்யூட்டர்தான் மெதுவாக ஓடவில்லை? பயந்துபோனவர்கள் அதைச் சரிசெய்ய நூற்றுக்கணக்கான டாலர்கள் வரை கொடுத்தார்கள். சியாட்டில் நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று 2016-ல், அப்போதுதான் பெட்டியைப் பிரித்த புதுக் கம்ப்யூட்டர்களைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்க்க, அவற்றில் சிலவற்றுக்கும் வியாதி என்றே பதில் வந்தது. 2019 மார்ச்சில் ஆபீஸ் டெப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருளைச் செய்து கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்டச் சம்மதித்தன. 'உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ் உள்ளது' என்று பிரவுசரில் திடீரென்று தோன்றி, கூடவே ஒரு போன் நம்பரையும் காட்டுகிறதே, அதுவும் இதே வித்தைதான். ஆனால் அதை நடத்துகிறவர்களுக்குக் கடை வாடகைகூடக் கிடையாது.

வேறொரு விதமான சங்கடமும் உண்டு. ரஷ்யக் கம்பெனியான காஸ்பர்ஸ்கியின் மென்பொருள்களை அமெரிக்க அரசாங்கம் 2024-ல் அங்கே தடை செய்தது. தடை நியாயமா, வெறும் ராஜதந்திரமா என்ற வாதம் ஒரு புறம் இருக்கட்டும். அந்த செப்டம்பரில், அமெரிக்க வாடிக்கைக்காரர்கள் பலர் கம்ப்யூட்டரைத் திறந்தபோது காஸ்பர்ஸ்கி தன்னைத் தானே நீக்கிக்கொண்டு, அவர்கள் அதுவரை கேள்விப்பட்டிராத அல்ட்ராஏவி என்ற மற்றொன்றை அந்த ஸ்தானத்தில் உட்கார்த்தி வைத்திருந்தது. ஒருவருக்குக் கொடுத்த அதிகாரத்தை அவர் நம்மைக் கேளாமலே இன்னொருவருக்குக் கைமாற்றிவிடலாம் என்பது அன்று நிதரிசனமாயிற்று.

இவற்றையெல்லாம் யோசித்துப் பார்த்தால், வீட்டு உபயோகத்துக்குத் தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை என்பதே என் அபிப்பிராயம். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸுடனேயே வருகிறது. வேறொன்றை இன்ஸ்டால் செய்தால் ஒதுங்கிக்கொள்ளும், அதை நீக்கினால் மறுபடியும் தானாகவே பொறுப்பேற்கும். மைக்ரோசாஃப்ட் மட்டும் நம் விவரங்களைச் சேகரிப்பதில்லையா என்று ஒருவர் கேட்கலாம். சேகரிக்கத்தான் செய்கிறது. ஆனால் விண்டோஸை வைத்துக்கொண்டிருக்கிற வரையில் அந்தக் கம்பெனியை எப்படியும் நம்பித்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் இரண்டாவதாக ஒருவரையும் எதற்காக நம்ப வேண்டும்? வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள், ஜெர்மனியின் மாக்டபர்க்கிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கிலுள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆகிய பரிசோதனைக்கூடங்கள் வெளியிடும் முடிவுகளைப் பார்த்துவிட்டு, கம்பெனியின் முதலாளி யார் என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்ற நான்கு பெயர்களும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே குடையின் கீழ் இருப்பவை. சென்னையில் பிறந்த கே7, புனேயின் க்விக் ஹீல் ஆகிய சுதேசிச் சரக்குகளும் கிடைக்கின்றன. எதை வாங்கினாலும், முதல் வருஷச் சலுகை முடிந்ததும் முழு விலை கார்டிலிருந்து தானாகவே போகும்படியான ஏற்பாட்டை அன்றைக்கே நிறுத்தி வைத்துவிட வேண்டும்.

பெட்டிக்காகச் செலவழிக்கும் கவலையில் பாதியை அப்டேட்டுகளுக்காகச் செலவழித்தால் பலன் அதிகம். 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற வைரஸ் பரவியபோது, பிரிட்டனின் ஆஸ்பத்திரிகளில் 19,000-க்கு மேற்பட்ட முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறையின் அறிக்கை கூறியது. விண்டோஸில் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டோ அதே வருஷம் மார்ச் 14-ஆம் தேதியே மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்துவிட்டது. 'பிறகு நினைவூட்டு' என்ற பட்டனை அழுத்துகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

போனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வருகிற ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் திறவாதிருப்பது எந்த ஆன்டிவைரஸையும் விட மேலானது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதியாமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்ய வேண்டும். வீட்டு வைஃபை ரவுட்டருக்கும் கேமராவுக்கும் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். 2016-ல் மிராய் என்ற மென்பொருள், அப்படி மாற்றாமல் விட்ட சற்றேறக் குறைய அறுபது பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளை வைத்துக்கொண்டே, லட்சக்கணக்கான கருவிகளைத் தன்வசப்படுத்தியது.

இனி வாங்கப்போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சாதனத்துக்கு அப்டேட் எத்தனை வருஷத்துக்கு வரும் என்பதே. கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்று அந்தக் கம்பெனிகள் வாக்குக் கொடுத்திருக்கின்றன. மலிவான போன்கள் பலவற்றுக்கு இரண்டு, மூன்றோடு சரி. வீட்டில் விண்டோஸ் 10 ஓடுகிற பழைய கம்ப்யூட்டர் இருந்தால், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான அப்டேட்டுகள் நின்றுபோயின என்பதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு அது தகுதிப்படவில்லையானால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிக்கொள்ளலாம். குழந்தைகள் படிப்பதற்கும் கடிதம் எழுதுவதற்கும் அது தாராளமாகப் போதும்.