கூட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு

பசறைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் கொழுந்து பறிப்பவர்களுக்குக் கொண்டைக்குருவியின் கூடு புதிதல்ல. வாதுகளுக்குள் கை போகும்போது குருவி விசுக்கென்று எழும்பும். விலக்கிப் பார்த்தால் மெல்லிய குச்சியும் வேரும் சேர்த்து, சிலந்தி நூலால் இறுக்கிய சிறு கிண்ணம். உள்ளே வெளிர்சிவப்பில் செம்புள்ளி தெளித்த இரண்டு மூன்று முட்டைகள். அந்தச் செடியை விட்டுவிட்டு நிரை நகரும். சுற்று முடிந்து அதே செடிக்குத் திரும்ப ஏழெட்டு நாளாகும். அப்போது கூடு காலியாக இருந்தால், "பாம்பு தின்னுருச்சு போல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பறவை ஆய்வு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு பறவை ஓரிடத்தில் கண்ணில் படுவது வேறு, அங்கே குஞ்சு பொரித்துப் பெருகுவது வேறு. காஷ்மீர் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பறவையின் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள். ஓரத்தில் கறுப்புக் கரை. ஒக்டோபரில் நம் மலைநாட்டுக்கு வந்து, காட்டோரங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பூச்சி பிடித்துத் தின்று, மார்ச் கடைசியில் திரும்பிவிடும். அது கூடு வைப்பது வடமேற்கு இமயத்தின் மரப்பொந்துகளில். நம் நிழல்மரம் அதற்குக் குளிர்காலச் சோறு போடுகிறது; அதன் அடுத்த தலைமுறை காஷ்மீர்க் காடுகளை நம்பி இருக்கிறது.

இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியின் கதை வேறு. கோப்பிக் காலத்துத் தோட்டக்காரர் சாமுவேல் பிளையின் பெயரைச் சூட்டி, 1872இல் ஹோல்ட்ஸ்வர்த் அதை உலகுக்கு அறிவித்தார். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இந்தப் பறவை இன்று அருகிவரும் இனம். ஒஹியவிலிருந்து ஏறிப்போகும் ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில், விடியலிலும் அந்தியிலும் ஓடையோரப் புதருக்குள் அதன் கூர்மையான சீழ்க்கை கேட்கும். பாறை இடுக்கிலோ மரக் கவையிலோ நீரை ஒட்டியே கூடு கட்டும். ஒன்றோ இரண்டோ முட்டைதான் இடும். ஓடைக்கரைக் காட்டை வெட்டினால் இரையும் போகும், கூட்டுக்கான இடமும் போகும்.

ஆகவே பறவைப் பட்டியல் முதல் படிதான். தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்துப் பறவைகள் பற்றிய ஆய்வொன்று 2015இல் வெளியானது. தோட்டத்துக்குள் எந்தச் சூழலில் எந்தப் பறவை என்று பார்க்கும் இத்தகைய வேலைக்கு அடுத்த படி, கூடுகளைப் பின்தொடர்வது.

அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 20 கூடுகளைக் கண்டோம், 10 அழிந்தன என்றால், பாதி தப்பியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கட்டிய மறுநாளே காகமோ செம்போத்தோ அழித்த கூடு நம் கணக்கில் ஏறியிருக்காது. நாம் கண்டவற்றில் பலவும் ஏற்கெனவே சில நாள் தப்பிப் பிழைத்தவை. பறவையியலைத் தொழிலாகக் கொள்ளாத அமெரிக்கர் ஹரல்ட் மேஃபீல்ட், 1961இல் இதற்கு எளிய வழி சொன்னார்: கூடுகளை எண்ணாதீர்கள், அவை நம் கண்காணிப்பில் இருந்த நாட்களை எண்ணுங்கள். அந்த 20 கூடுகளையும் மொத்தம் 200 நாட்கள் கவனித்திருந்தால், 10 இழப்பு என்பது நாளொன்றுக்கு 5 சதவீதம். முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும் வரை 24 நாள் என்று வைத்து, அன்றாடம் தப்பும் 95 சதவீதத்தை 24 முறை பெருக்கினால், கடைசிவரை தப்புவது 29 சதவீதம் மட்டுமே. அன்றாட இழப்பை 3 சதவீதமாகக் குறைத்தால் அதுவே 48 ஆகும். ஒரு பூனையைக் கட்டுப்படுத்துவதும், கவ்வாத்து வெட்டும்போது கூடுள்ள செடியைச் சில வாரம் விட்டுவைப்பதும் எவ்வளவு பெரிய உதவி என்பது இப்போது விளங்கும்.

எல்லாப் பறவைக்கும் செடி போதாது. மஞ்சள்நெற்றிக் குக்குறுவான் பட்டுப்போன கிளையைக் குடைந்துதான் முட்டையிடும். அது விட்டுப்போன பொந்தில் பிறகு வேறு பறவைகள் குடியேறும். காய்ந்த மரம் முழுவதையும் விறகுக்கு இறக்கினால், இலை தழைத்து நிற்கும் மலையிலும் பொந்துப் பறவைக்கு வீடில்லை.

கூடு பார்ப்பதற்கும் ஒழுங்கு உண்டு. தினமும் எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, சில நொடி போதும். உயரக் கூட்டைக் கம்பில் கட்டிய கண்ணாடியால் பார்ப்பார்கள். மறைத்திருக்கும் இலையை ஒடிப்பதில்லை. வந்த வழியே திரும்பாமல் கூட்டைக் கடந்து நடப்பார்கள். தடம் கூட்டோடு நின்றால் கீரிக்கும் பூனைக்கும் அது வழிகாட்டிவிடும். கையில் தொலைபேசியோடு கிட்டப்போய் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மலைநாட்டுக் கூடுகளைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதியவர்களில் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் போன்ற தோட்டத் துரைமாரும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் களப் பறவையியல் குழு 1976 முதல் இந்தத் துறையை வளர்த்துவருகிறது. ஆனால் ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே செடியைத் தவறாமல் பார்க்கும் வாய்ப்பு கொழுந்து பறிப்பவர்களுக்கே இருக்கிறது. ஒரு கூட்டின் ஆயுளுக்குள் அவர்கள் மூன்று முறை அதைக் கடக்கிறார்கள். மேஃபீல்டின் கணக்குக்கு அது போதும். தேதி, மலையின் பெயர், பறவையின் பெயர், முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை என்று ஐந்து கட்டம் போட்ட கொப்பி ஒன்றைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் எடுத்து, அம்மாமார் சொல்லச் சொல்ல எழுதினால், ஊவாவின் தேயிலையில் எந்தப் பறவை பெருகுகிறது, எது வந்து மட்டும் போகிறது என்பதற்கு இரண்டு மூன்று வருடத்தில் விடை கிடைக்கத் தொடங்கும்.