ஐஸ்லாந்தைக் கடல்வழியே பார்ப்போம்

ஐஸ்லாந்து நாட்டைச் சிறிய கப்பலில் சுற்றிவருபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய கப்பல்கள் நுழைய முடியாத குறுகிய துறைமுகங்களுக்குள்ளும் இவை போய்விடும். தென்கரையை ஒட்டிய ஹெய்மாய் தீவு அப்படிப்பட்ட இடம். செங்குத்தான பாறைகளுக்கும் கருத்த எரிமலைக் குழம்புக்கும் நடுவே கப்பல் மெல்ல உள்ளே நுழையும்.

அந்தக் குழம்பு 1973-இல் வந்தது. ஜனவரி 23, நள்ளிரவு தாண்டிய நேரம். ஊருக்குப் பக்கத்திலேயே பூமி பிளந்தது. முந்தைய நாள் புயல் என்பதால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் கரையில்தான் நின்றன. அதுதான் அந்த மக்களைக் காப்பாற்றியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடிவதற்குள் தீவைவிட்டு வெளியேறிவிட்டார்கள். பிறகு, துறைமுக வாயை அடைக்க வந்த குழம்பின் மேல் கடல்நீரை மாதக்கணக்கில் பீய்ச்சிக் குளிரவைத்து, வாயைக் காத்தார்கள். மனிதர்கள் எரிமலையோடு நடத்திய போராட்டங்களில் இது மகத்தானது.

அருகில் உள்ள சுர்ட்சே தீவு 1963-இல் கடலடி எரிமலையிலிருந்து பிறந்தது. அங்கே ஆய்வாளர்களுக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்கள் கப்பலிலிருந்து பார்க்கலாம்.

ஹெய்மாயில் பஃபின் கடற்பறவைகள் ஏராளம். கோடை முடிவில், விளக்கொளியில் வழிதவறி ஊருக்குள் விழும் குஞ்சுகளைச் சிறுவர்கள் இரவெல்லாம் தேடி, அட்டைப்பெட்டியில் வைத்திருந்து காலையில் கடலில் விடுகிறார்கள். வளர்ந்த பறவைகளைப் பார்க்க விரும்புவோர் ஆகஸ்ட் பாதிக்குள் போய்விடுங்கள். அதன்பின் அவை நடுக்கடலுக்குக் கிளம்பிவிடும்.