வீட்டு மனையில் காட்டுத் தேனீக்கு உணவு: மின்னசோட்டா ராஜ்யத்தின் பொருளுதவி

ஐக்கிய நாணய சங்கத்தில் ஓர் அங்கத்தினர் கடன் மனுக் கொடுத்தால், பஞ்சாயத்தார் முதலில் விசாரிப்பது, அப்பணத்தைக் கொண்டு செய்யும் காரியம் கடனைத் திருப்பிச் செலுத்தும் அளவுக்கு வருமானம் தருமா என்பதே. கிணறு வெட்டினாலும் உழவு மாடு வாங்கினாலும் இக்கேள்விக்கு விடையுண்டு. ஆனால் ஒருவர் தமது மனையில் ஒரு மூலையை ஒதுக்கி, காட்டுத் தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் உணவாகும் நாட்டுச் செடிகளை வைக்க விரும்பினால், அதற்கு எவ்விதம் பணம் தேடுவது? தேனீக்கள் மகரந்தத்தைச் சுமந்து செல்வதால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களெல்லாம் பயனடையும். செடி வைத்தவர் கைக்கோ ஒரு காசும் வாராது. பலன் பலருக்கும், செலவு ஒருவருக்கும் என்றால் எவரும் தயங்குவர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபாகத்திலுள்ள மின்னசோட்டா ராஜ்யத்தார் இத்தயக்கத்தைப் போக்குவதற்கு 2019-ம் வருஷத்தில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினர். அதன் பெயர் 'லான்ஸ் டு லெக்யூம்ஸ்'. அதாவது புல்தரையை விட்டுப் பயறினச் செடிகளுக்கு மாறுதல்.

அந்த ராஜ்யத்தில் ஐரோப்பியர் குடியேறி உழத் தொடங்குமுன், ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ஏக்கர் நிலம் உயர்ந்த புல்லும் பலவகைப் பூஞ்செடிகளும் நிறைந்த வெளியாக இருந்தது. அதில் நூற்றுக்கு 2 பங்குக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் வயல்களாயிற்று. ஊர்களிலோ வீட்டைச் சுற்றிக் கட்டையாக வெட்டிவிட்ட புல்தரையே வழக்கம். அது கண்ணுக்குப் பசுமைதான். ஆயினும் பூவில்லாத பசுமை தேனீக்கு வெறும் பொட்டலே. இவ்விதம் உணவிழந்த ஜீவன்களில் ஒன்று, முதுகுப்புறத்தில் துரு நிறத் திட்டுடைய பம்பிள் தேனீ. உருண்டு பருத்து, மயிரடர்ந்த இத்தேனீ, அது முன்பு வாழ்ந்த பிரதேசத்தில் நூற்றுக்கு 87 பங்கில் காணப்படாமற் போயிற்று. நோயும் பூச்சி மருந்தும் இதற்கு உடந்தை எனக் கருதப்படுகிறது. 2017-ம் வருஷத்தில் அந்நாட்டு மத்திய சர்க்கார் இதை அழியும் அபாயத்திலுள்ள ஜீவன்களின் ஜாபிதாவில் சேர்த்தனர். 2019-ல் மின்னசோட்டா அதனைத் தன் ராஜ்யத் தேனீ எனச் சட்டத்தால் அறிவித்தது.

இத்தேனீக்கு எவ்வகைச் செடி வேண்டும் என்பதை அதன் வாழ்க்கையே காட்டும். மாரியில் கூட்டம் முழுவதும் மடிந்துபோக, இளம் ராணிகள் மட்டும் மண்ணிலும் சருகிலும் புதைந்து உறங்கும். பனி உருகியதும் ராணி தனியே வெளிவந்து, எலி விட்டுப்போன வளை போன்ற இடத்தில் புதிய கூடு வைக்கும். அச்சமயத்தில் பூ இல்லையாயின் அக்கூடு அன்றே முடிந்தது. இலையுதிர் காலத்தில் பூ இல்லையாயினோ, மறுவருஷத்துக்குரிய ராணிகள் கொழுத்துத் தேறமாட்டா. ஆதலால் வசந்தத்தில் பூக்கும் வில்லோ மரம், கோடையில் பூக்கும் காட்டு பெர்கமாட், கடைசியில் பூக்கும் ஆஸ்டர், கோல்டன்ராட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும்படி செடிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே சமயத்தில் மலர்ந்து உதிரும் பத்துச் செடிகளைவிட, முறை வைத்துப் பூக்கும் ஐந்து செடிகள் மேல். நாற்றுப்பண்ணையிலேயே பூச்சி மருந்து ஊறிய கன்றுகளை வாங்கலாகாது; அவை தேனுடன் நஞ்சையும் ஊட்டும்.

இனிப் பணத்தின் விஷயம். ராஜ்யத்தின் லாட்டரிச் சீட்டில் கிடைக்கும் நிகர வருமானத்தில் நூற்றுக்கு 40 பங்கு ஒரு சுற்றுப்புறப் பாதுகாப்பு நிதிக்குச் செல்கிறது. லாட்டரியைப்பற்றி எவர் எவ்வபிப்பிராயம் கொண்டாலும், அப்பணம் இங்கே நல்ல வழியில் திரும்பியது. அந்நிதியிலிருந்து 2019-ல் இத்திட்டத்துக்கு 9 லட்சம் டாலர் ஒதுக்கினர். நீர், மண் வள போர்டார் அதை நிர்வகித்தனர். வீட்டுக்காரர் ஒருவருக்குத் தொடக்கத்தில் 350 டாலர் வரையில் உதவி கிடைத்தது. அவர் தம் பங்காக அதற்கு நூற்றுக்கு 25 வீதம் ஈடு காட்டவேண்டும். ஆனால் அது ரொக்கமாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. தாமே மண் கிளறி நட்டுக் களையெடுத்த உழைப்பையும் கணக்கில் சேர்க்கலாம். ஏழைக்கும் இடமளிக்கும் நிபந்தனை இது.

ஆயினும் ஒரு குறையுண்டு. தொகை முன்பணமாகக் கொடுக்கப்படுவதில்லை. முதலில் கைப்பணம் போட்டுச் செடி வாங்கி, நட்டு முடித்து, ரசீதுகளைச் சமர்ப்பித்த பின்னரே திரும்பக் கிடைக்கும். சர்க்கார் பணம் வீண்போகாமலிருக்க இது தேவையே. ஆனால் கையில் ரொக்கமில்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். இவ்விடத்திலேதான் ஐக்கிய சங்கம் போன்ற ஸ்தாபனம் பயன்படும். செடிக்குக் கடன் ஏற்றதன்று என்றாலும், வரவிருக்கும் உதவித்தொகையின் பேரில் சில மாதத் தவணைக்குச் சிறு கடன் கொடுத்து, தொகை வந்ததும் வரவு வைத்துக்கொள்வது சங்கத்துக்குப் பழக்கமான வேலையே.

தனி வீடுகளுக்கு மட்டுமன்றி, தெருக்களுக்கும் பகுதிகளுக்கும் சேர்த்து உள்ளூர் ஸ்தாபனங்கள் மூலமாக உதவியளிக்கும் பிரிவும் இத்திட்டத்தில் உண்டு. துருநிறத் தேனீ வாழும் பகுதிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. இத்தேனீ பொதுவாகக் கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே இரை தேடும் எனக் கருதுகின்றனர். ஆகவே ஊருக்கு ஒரு பெரிய தோட்டமிருப்பதினும், வீட்டுக்கு வீடு ஒரு சிறு பாத்தி இருப்பது அதற்கு எட்டும்.

நட்ட பிறகு பொறுமை வேண்டும். பழைய புல்லை முதலில் மூடிவைத்து வேரோடு அழிக்காவிடில் அதுவே மீண்டும் எழும். நாட்டுச் செடிகள் முதல் வருஷம் வேருக்கே தம் பலத்தைச் செலவிடும். மேலே பார்த்தால் களை மட்டுமே செழித்திருக்கும். இதைக் கண்டு மனம் தளர்ந்து வெட்டித் தள்ளியவர் பலராக இருக்கக்கூடும். மூன்றாம் வருஷத்தில்தான் பாத்தி பாத்தியாகத் தோன்றும். மாரிக்காலத்தில் காய்ந்த தண்டுகளை அறுக்காமல் விடவேண்டும். அவற்றின் துளைகளில் வேறு சிறு தேனீக்கள் தங்கும். இந்தக் காய்ந்த தண்டுகளே அயலாருடன் சச்சரவுக்கும் காரணமாயின. புல் உயர்ந்துவிட்டதென்று நகர அதிகாரிகளிடம் புகார் செல்வதுண்டு. எனவே 2023-ம் வருஷத்தில், முறையாகப் பராமரிக்கப்படும் நாட்டுச் செடித் தோட்டங்கள் 8 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தாலும் நகரசபைகள் அவற்றை அனுமதிக்க வேண்டுமென ராஜ்யத்தார் சட்டம் செய்தனர்.